மஞ்சள் மிதவை

கடற்கரைக்குப் போகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, கேமராவை ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துக்கொண்டு போவது. குளிர்ந்து கிடக்கும் கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிந்து லென்ஸ் மங்கிவிடும். உடனே சட்டை நுனியால் துடைப்பார்கள். அது இரண்டாவது தப்பு. பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் பால்கனியில் வைத்திருந்தாலே போதும், ஒரு தொல்லையும் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். போய் அதே தப்பைச் செய்துவிட்டு, விடுமுறை முடிந்ததும் என் கடை வாசலில் வந்து நிற்பார்கள்.

கேமரா பழுதுபார்ப்பது என் தொழில். மணல் போனது, உப்புத் தண்ணீர் போனது, குழந்தை குளிக்கும் தொட்டியில் போட்டது என்று எல்லாம் என்னிடம்தான் வரும். நீங்கள் கேட்ட கேள்விக்கு நேராக வராமல் சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் செய்ததில் முக்கால்வாசி கேமராப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதுதான். அது புரியாவிட்டால் மற்றது புரியாது.

எங்கள் குடும்பம் வருடா வருடம் கடலுக்குப் போகும். மாமனார், மாமியார், நான், என் மனைவி, அவள் தங்கை, தங்கையின் கணவன். எப்போதும் ஒரே கடற்கரை, ஒரே விடுதி. மாமனாருக்கு இடம் மாறினால் தூக்கம் வராது. தங்கை கணவன் பல் டாக்டர். எனக்குச் சகலை. நேரில் நான் "வாங்க டாக்டர், உட்காருங்க டாக்டர்" என்றுதான் பேசுவேன். மனதுக்குள் அவன், இவன்தான். இங்கே மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதால் மனதில் இருக்கிறபடியே சொல்கிறேன்.

தண்ணீரில் இறங்கும்போது ஒருவர் கரையில் பைகளோடு இருக்க வேண்டும். இது எங்கள் குடும்பத்து விதி. போட்டவன் நான். கேமரா, ஃபோன், பர்ஸ் எல்லாவற்றையும் துண்டுக்கடியில் ஒளித்துவிட்டு எல்லாரும் ஒன்றாகக் குளிக்கப் போகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். திருடனுக்கும் அந்தத் துண்டுதான் முதலில் கண்ணில் படும். யார் இருப்பது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விதி போட்டவன்தானே காவல் இருக்க வேண்டும். அன்றிலிருந்து குடைக்கடியில் நான், மடியில் கேமராப் பை, கையில் தூசி ஊதும் ரப்பர் பந்து.

டாக்டர் வருவதற்கு முன் குடும்பப் படங்களை எடுத்தவனும் நான்தான். வெளிச்சம், தூரம் எல்லாம் பார்த்து, ஒருவர் தலை ஒருவர் தோளை மறைக்காமல் நிற்கவைத்து எடுப்பேன். என் படத்தில் தொடுவானம் ஒருநாளும் சாய்ந்ததில்லை. அவன் வந்த முதல் வருடம் கேமராவைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினான். சாய்வாக, நேராக, குப்புற விழுந்தபடியெல்லாம் எடுத்தான். சாயங்காலம் விடுதி அறையில் எல்லாரும் படங்களைப் பார்த்தார்கள்.

"சின்ன மாப்பிள்ளை எடுத்தா நானே அழகாத்தான் இருக்கேன்" என்றார் மாமியார்.

"பெரிய மாப்பிள்ளை எடுத்த படம் மட்டும் என்ன குறைச்சல்? பாஸ்போர்ட்டுக்கு அப்படியே ஒட்டலாம்" என்றார் மாமனார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான், இப்போது சொல்லும்போதும் சிரிப்பு வருகிறது.

படங்களைப் பிரதி எடுத்து வைக்கும் வேலை என்னுடையது. "அண்ணா, நீங்களே பார்த்து வச்சிடுங்க, எனக்கு இதெல்லாம் ஓடாது" என்று கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிடுவான். கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோதுதான் என் மனைவியின் சிரிப்பைப் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவள் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறாள். பின்னால் கடல். ஒரு கையால் முடியை ஒதுக்குகிறாள். உதடு மட்டும் சிரிக்கவில்லை. கண், கன்னம், தோள் எல்லாம் சேர்ந்து, அடக்கப் பார்த்து அடங்காமல் வெடித்துக்கொண்டு வருகிற சிரிப்பு. கல்யாணம் ஆன நாளிலிருந்து எத்தனையோ படம் எடுத்திருக்கிறேன். எதிலும் அது இல்லை. என் படத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு, வங்கிக் கவுண்டரில் முறை வருவதற்குக் காத்திருப்பவள்போல நிற்பாள். அடுத்த வருடப் படங்களிலும் அதே சிரிப்பு. அதற்கடுத்த வருடமும். அவன் எடுத்தால் மட்டும்.

எனக்குப் பொறாமை. வேறு பெயர் வைத்து அழைக்க நான் விரும்பவில்லை. சாப்பிடும்போது, சின்ன ஸ்க்ரூவைத் திருகும்போது, குளிக்கும்போது எல்லாம் வயிறு எரிந்தது. மற்றவர்கள் வாயைத் திறக்கவைப்பது அவன் தொழில் என்று எனக்கு நானே வேடிக்கை சொல்லிக்கொண்டேன். அவளுக்குப் பல்வலி வந்தபோது நான்தான் அவன் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மரத்துப்போன வாயோடு கோணலாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, நீங்க வெளியில யாரோட ஃபோனையோ கழட்டிட்டு இருக்கீங்கன்னு நர்ஸ் வந்து சொன்னாங்க" என்றாள். பேச்சை மாற்றுகிறாள் என்று புரிந்துகொண்டேன்.

அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் இல்லை என்பாள். இல்லை என்றால் நான் நம்பப்போவதில்லை. பிறகு எதற்குக் கேட்பது?

அவன் கெட்டவன் என்று நான் சொல்லவே மாட்டேன். பெட்டி தூக்குவான், மாமனாருக்குச் செருப்பு மாட்டிவிடுவான், என்னிடம் ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கினால்கூடத் துடைத்துத்தான் திருப்பிக் கொடுப்பான். நல்லவன். நல்லவன் என்பதை நம்பித்தான் நான் காரியத்தில் இறங்கினேன்.

இந்த வருடம் கிளம்புவதற்கு முன் அவன் தன் கேமராவைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்தான். திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. லென்ஸ் கண்ணாடி போட்ட இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வருடா வருடம் நான் பார்த்துப் பார்த்து வைத்ததாயிற்றே.

"உப்பு ஏறியிருக்கு டாக்டர். பார்ட் வரணும். லீவுக்குள்ள ஆகாது" என்றேன்.

"போச்சுடா. அப்ப இந்தத் தடவை ஃபோன்லதான் எடுக்கணுமா?"

"எதுக்கு? என்னோடது இருக்கே. எடுத்துக்கோங்க."

தயங்கினான். "வேண்டாம்ணா. உங்க கேமராவைத் தண்ணிக்குள்ள கொண்டுபோக எனக்கு பயமா இருக்கு."

"அதுக்குத்தான் தண்ணி புகாத கூடு இருக்கு. மிதவையும் போட்டுத் தரேன். பத்திரமா வச்சுக்குங்க, அவ்வளவுதான். எங்க அப்பா கடைசியா வாங்கிக் குடுத்தது."

என் அப்பா எனக்குக் கேமரா வாங்கிக் கொடுத்ததில்லை. அது ஒரு வாடிக்கையாளர் விற்றுவிட்டுப் போனது. ஆனால் அருமையான கேமரா. உள்ளும் புறமும் பத்துமுறை சோதித்து வைத்திருந்தேன், ஒரு கோளாறு கிடையாது. அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

மிதவை என்பது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, பஞ்சு மாதிரியான மஞ்சள் கட்டை. கேமராவோடு அதைக் கட்டிவிட்டால் கை தவறினாலும் மூழ்காது. மிதவையிலிருந்து ஒரு வார் வந்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும். வாரும் மிதவையும் சேர்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். தண்ணீரில் கேமரா எடுத்துப்போகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: மிதவை இல்லாமல் இறங்காதே. நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது.

இங்கே மனித சுபாவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேமரா மூழ்கிவிட்டால் மனிதன் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பான், தலையில் அடித்துக்கொள்வான், கரைக்கு வந்துவிடுவான். போனது போனதுதான். மிதந்துகொண்டிருந்தால் அப்படி விடமாட்டான். இதோ நாலு கை போட்டால் எட்டிவிடும் என்று தோன்றும். நாலு கை போட்டபின் இன்னும் நாலு கைதான் என்று தோன்றும். அதுவும் இரவல் வாங்கிய பொருள், செத்துப்போன அப்பா வாங்கிக் கொடுத்தது என்றால், நல்லவன் திரும்பவே மாட்டான்.

கொக்கியின் பல்லை அரத்தால் லேசாகத் தேய்த்தேன். பல் வேலை அவனுக்கு மட்டும்தான் வரும் என்று இல்லை. கையில் இழுத்துப் பார்த்தால் பிடிக்கும். தண்ணீரில் நாலைந்து முறை கையை வீசினால் விட்டுவிடும். சோதித்துப் பார்க்காமல் எந்தப் பொருளையும் நான் வாடிக்கையாளர் கையில் கொடுப்பதில்லை. வீட்டில் வாளித் தண்ணீரில் சோதித்தேன். பிறகு கடற்கரைக்குப் போன முதல் நாள், அதே எடையில் ஒரு பாட்டிலை அதே மாதிரி மிதவையில் கட்டி, அந்த இடத்தில் விட்டுப் பார்த்தேன்.

எந்த இடம் என்கிறீர்கள். வருடக்கணக்காகக் கரையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கடலைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மற்றவர்கள் அலையைப் பார்ப்பார்கள். நான் தொலைந்துபோகிற சாமான்களைப் பார்த்தேன். பிள்ளைகள் விட்ட பந்து, காற்றில் பறந்த தொப்பி, ஒற்றைச் செருப்பு. எங்கே விழுந்தாலும் நகர்ந்து நகர்ந்து, கடலுக்குள் நீட்டிக் கட்டியிருக்கும் கல்தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு இடத்துக்கு வந்து சேரும். அங்கே அலை உடையாது. பார்ப்பதற்குக் குளம் மாதிரி அமைதியாக இருக்கும். அங்கே வந்ததும் பந்து நேராகக் கடலுக்குள் போய்விடும், யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல. ஒரு தடவை கரைக் காவல்காரரிடம் கேட்டேன். "அங்க இழுப்பு இருக்கு சார். அலை இல்லையேன்னு ஏமாந்துதான் ஜனங்க இறங்குது. மாட்டினா எதிர்நீச்சல் போடக் கூடாது, பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும்" என்றார். எங்கள் வீட்டில் இது யாருக்கும் தெரியாது. யாரும் என்னைக் கேட்டதில்லை.

பாட்டில் நான் நினைத்த வழியிலேயே போயிற்று.

மறுநாள் காலை அவன் குடும்பத்தையெல்லாம் நிற்கவைத்துப் படம் எடுத்தான். என் மனைவியைத் தனியாகத் தண்ணீரில் நிற்கச் சொல்லி எடுத்தான். அவள் சிரித்தாள். குடைக்கடியிலிருந்து அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்தது. அப்போது பக்கத்துக் குடைக்காரர் ஒருவர் மணலில் விழுந்த ஃபோனைக் கொண்டுவந்து காட்டினார். துடைக்காதீர்கள், கீறிவிடும் என்று சொல்லி, ரப்பர் பந்தால் ஊதிக்கொண்டிருந்தேன். கன்னத்தை உப்பிக்கொண்டு நானும் சேர்ந்து ஊதினேன் போலிருக்கிறது. பழக்கதோஷம்.

பெண்கள் குளித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். மாமனார் பக்கத்தில் தூங்கிவிட்டார். அவன் ஈரத்தோடு வந்து நின்றான்.

"அண்ணா, அலை ஆட்டுது. தண்ணிக்கடியில ஒரு படமும் சரியா வரல."

"கல்லுக்குப் பக்கத்துல போங்க டாக்டர். அங்க அலையே இல்ல. படம் ஆடாது" என்றேன்.

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். ஆமாம், அங்கே போகச் சொன்னது நான்தான்.

"வாரை இறுக்கி மாட்டிக்குங்க" என்றும் சொன்னேன். மாட்டிக் காட்டினான். "உங்க கேமராவுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணா, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கு மேல் அதிகம் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்தான். குனிந்து நிமிர்ந்தான். கையை உதறினான். மஞ்சள் மிதவை அவனை விட்டு விலகி, மெதுவாக நகர்ந்தது. எட்டிப் பிடிக்கப் போனான். பிறகு நீந்தினான். நன்றாக நீந்துவான். மிதவைக்கும் அவனுக்கும் நடுவில் எப்போதும் ஒரே இடைவெளி. ஒருமுறை திரும்பிக் கரையைப் பார்த்தான். கை தூக்கினான். நானும் கை தூக்கினேன். என்ன நினைத்துக்கொண்டானோ, மறுபடி மிதவையை நோக்கி நீந்தினான்.

காவல்காரர் மறுகோடியில் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தியிருந்தால் கேட்டிருக்கும். ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் பைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது? மாமனார் தூக்கத்தில் இருந்தார்.

என் மனைவி எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தாள். "தம்பி எங்க?" என்றாள். தங்கை கணவனை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். "படம் எடுத்துட்டு இருக்கார்" என்றேன். டீ சூடாக இருந்தது. குடித்து முடித்தபோது கடலில் மஞ்சளும் தெரியவில்லை, தலையும் தெரியவில்லை.

அவன் உடம்பு அடுத்த நாள் கரை ஒதுங்கியது. மீன் பிடிக்கப் போனவர்கள் மிதவையைப் பார்த்துக் கேமராவை எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தார்கள். கூட்டைத் திறந்து பார்த்தேன், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

என் மச்சினி, அவன் மனைவி, அழுது வீங்கிய முகத்தோடு என்னிடம் வந்தாள். "மாமா, உங்க அப்பா குடுத்த கேமரா போயிடக் கூடாதுன்னுதான் அவர் போயிருப்பார். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லைம்மா என்றேன்.

யாரும் சந்தேகப்படவில்லை. நீங்களும் விபத்து என்றுதான் எழுதி முடித்தீர்கள். கொக்கி தேய்ந்து விட்டுப்போயிருக்கிறது என்று உங்கள் ஆளே சொன்னார். அது அப்படியே போயிருக்கும். கெடுத்தது என் மனைவியின் அழுகை.

வீட்டுக்கு வந்தபின் அந்தக் கார்டிலிருந்த படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சமையல் பாதியில் நிற்கும். இவள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். "எவ்வளவு நல்ல பிள்ளை" என்பாள். இவ்வளவு பாடுபட்டும் அவன் போகவில்லை. இன்னும் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். உயிரோடு இருந்தபோது வருடத்துக்கு ஒருமுறை சிரிப்பு வாங்கினான், செத்தபின் தினமும் அழுகை வாங்குகிறான். ஒருநாள் மதியம், அவன் கடைசியாக எடுத்த அவளுடைய படத்தைத் திறந்து வைத்து அழுதுகொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் அந்த அழுகை. என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்வதுபோலவே நிதானமாக, உப்பு ஏறியிருக்கிறது என்று சொன்னதிலிருந்து டீ குடித்ததுவரை.

நான் முடித்ததும் அவள், "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

நான் படத்தைக் காட்டினேன். "இந்தச் சிரிப்பு எனக்கு ஒருநாளும் கிடைச்சதில்ல."

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தம்பிக்குப் பின்னாடி நீங்கதானே உட்கார்ந்திருந்தீங்க. வாயை உப்பிக்கிட்டு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு, ஊருல உள்ளவங்க ஃபோனையெல்லாம் ஊதிக்கிட்டு. ஒவ்வொரு வருஷமும் உங்களைப் பார்த்துத்தான் எனக்கு அப்படிச் சிரிப்பு வரும். நீங்க கேமராவைத் தூக்கினா மட்டும் 'அசையாதே, அசையாதே'ம்பீங்க. அசையாம எப்படிங்க சிரிக்கறது?"

பிறகு அவள்தான் உங்களுக்கு ஃபோன் செய்தாள். நான் தடுக்கவில்லை. நீங்கள் வரும்வரை அவள் வாசற்படியில் போய் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் என்னோடு இருக்கவில்லை.

ஆக, அவனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் சொன்னதை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம். கடல் பின்னணியில் வர வேண்டும் என்றால் எடுப்பவன் கரைக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். எங்கள் ஆட்களில் கரையில் இருந்தது நான் ஒருவன்தான். அதெல்லாம் வாஸ்தவம். அவள் வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் நானும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் கண் லென்ஸில் நிற்கவில்லை. எடுப்பவன் தோளைத் தாண்டி, பின்னால் எதையோ பார்க்கிறது. பழைய படங்களையும் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படித்தான். லென்ஸுக்குள் கண்ணாடி ஒரு நூலிழை நகர்ந்திருந்தால் பார்வை இப்படி விலகித் தெரியும். அவளுக்கு அது புரியாது. நான் தொழில் தெரிந்தவன். பழைய படங்கள் அவன் கேமராவில் எடுத்தவை, கடைசிப் படம் என் கேமராவில் எடுத்தது. இரண்டு கேமராவுக்கும் ஒரே கோளாறு வருவது அபூர்வம்தான். வரவே வராது என்று சொல்ல முடியாது.